எடுத்ததாக எழுதிய குடல்வால்

"உங்கூட்டுல பள்ளிக்கூடத்துப் படி ஏறுன மொத ஆளே நீதாங்கற. டாக்டருங்க எழுதறதெல்லாம் உனக்கெதுக்கம்மிணி? ஃபைலுக்கு நம்பரப் போடு, ரேக்குல அடுக்கு. படிக்கோணும்னு மட்டும் ஆசப்படாத."

திருச்செங்கோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் சூப்பர்வைசர் தனபால் சார் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, எனக்கு நல்லது சொல்வது போலத்தான் சொன்னார். அதனாலேயே மறக்கவில்லை.

ஐந்து வருஷம் ஆகிறது. நான் படித்த அதே மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் டிப்ளமோவை முடித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள்: "ஏனக்கா, ஃபைல் அடுக்கறதுக்கு எதுக்கு ரெண்டு வருசம் படிச்சோம்?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நோயாளியின் பெயரையும் மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ரெக்கார்ட்ஸில் வேலை பார்ப்பவள் அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

எக்டமி, ஆட்டமி, ஆஸ்டமி

என் அப்பா சங்ககிரியில் லாரி ஷெட்டில் லோடுமேன். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறார். இரண்டு பேருமே பள்ளிக்கூடம் போனதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது வந்தால் எங்கள் வீட்டில் அதை மளிகைக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அவருக்கும் தெரியாது. தெரிந்தது போலத் தலையை ஆட்டி, "பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல" என்று திருப்பிக் கொடுப்பார். என் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தபோதும் அதைத்தான் சொன்னார். அந்தத் தலையாட்டலைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

சேலத்தில் டிப்ளமோ. தினமும் போக வர பஸ். ஆபரேஷன் பெயர்கள் பார்க்கத்தான் மலை போல இருக்கும். வாலைப் பிடித்தால் பாதி புரிந்துவிடும். எக்டமி என்று முடிந்தால் உறுப்பை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆட்டமி என்றால் திறந்தார்கள். ஆஸ்டமி என்றால் வெளியே ஒரு வழி வைத்தார்கள். நெஃப்ரெக்டமி செய்தவருக்கு ஒரு கிட்னி இல்லை. நெஃப்ராஸ்டமி செய்தவருக்குக் கிட்னி இருக்கிறது, அதிலிருந்து ஒரு குழாய் வெளியே வருகிறது. இதற்குப் பதில் அதை எழுதினால், இருக்கிற உறுப்பு இல்லாமல் போகும்; இல்லாத உறுப்பு இருக்கும்.

இதெல்லாம் கிரேக்கமும் லத்தீனும். எந்த சர்ஜனையும் அவருடைய அம்மா கிரேக்கத்தில் தாலாட்டவில்லை. அவர்களும் மனப்பாடம்தான் செய்தார்கள். அவர்கள் விடுதியில் உட்கார்ந்து செய்தார்கள். நான் சேலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு செய்தேன். வார்த்தைகளைப் பொறுத்தவரை எங்களுக்குள் வித்தியாசம் அவ்வளவுதான்.

பயாப்சி சீட்டு இல்லாத ஃபைல்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு புதன்கிழமை. அந்தச் சனிக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்‌ஷன். ஃபைல் ஒன்றுகூடப் பாக்கி இருக்கக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு. டிஸ்சார்ஜ் ஆனவர்களின் கேஸ் ஷீட்டுகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டிய தாள்கள் இருக்கின்றனவா என்று பார்த்து டிக் போட்டு மூட வேண்டும்.

அதில் ஒன்று செல்வராசுவின் ஃபைல். வயது முப்பத்தொன்று. குடல்வால் வலியோடு வந்திருக்கிறார். நோயாளியின் கையில் கொடுத்தனுப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அப்பென்டிசெக்டமி செய்யப்பட்டது' என்று இருந்தது. கீழே 'தேவைப்பட்டால் வரவும்.'

எக்டமி என்று பார்த்ததும் நான் முதலில் தேடுவது பயாப்சி ரிப்போர்ட்டை. உடம்பிலிருந்து எதை எடுத்தாலும் அது லேபுக்குப் போக வேண்டும்; அதன் ரிப்போர்ட் ஃபைலில் இருக்க வேண்டும். இதில் இல்லை. லேபுக்குப் போன் செய்தேன்.

"அந்தப் பேர்ல எங்களுக்கு ஸ்பெசிமனே வரலைங்க்கா" என்றாள் அங்கிருந்த பெண். "ரெஜிஸ்டர ரெண்டு தரம் பாத்துட்டனுங்க."

எடுத்தது லேபுக்குப் போகவில்லை என்றால் எங்கே போனது? ஃபைலைப் பின்னாலிருந்து புரட்டினேன். ஆபரேஷன் தியேட்டரின் ஓ.டி. தாளில் சர்ஜன் கையால் எழுதிய ஆபரேஷன் நோட்ஸ் இருந்தது. மொத்தம் ஐந்து வரி. எனக்கு அந்தக் கையெழுத்து பழக்கம். உள்ளே சீழ் கட்டியிருந்தது, குடலும் கொழுப்பும் சேர்ந்து குடல்வாலைச் சுற்றி ஒட்டிப் பிடித்திருந்தன, சீழை வெளியேற்றி டிரெயின் டியூப் வைத்தாயிற்று, குடல்வாலை எடுக்கவில்லை, ஆறு வாரம் கழித்து எடுக்க வேண்டும். இதுதான் அந்த ஐந்து வரியின் சாரம்.

எடுக்கவில்லை. ஆனால் சம்மரியில் எடுத்தாயிற்று.

எப்படி இது நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியின் வழக்கம் அப்படி. காலையில் ஓ.டி. லிஸ்ட் வரும். இன்றைக்கு யாருக்கு என்ன ஆபரேஷன் என்று அதில் இருக்கும். டைப்பிங் செக்‌ஷனில் அந்த லிஸ்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஏற்கெனவே தயாராக இருக்கும் சம்மரியை எடுத்து, பெயரையும் வயதையும் போட்டு அன்றைக்கே அடித்து வைத்துவிடுவார்கள். நோயாளி மேஜையில் படுப்பதற்கு முன்பே அவருடைய ஆபரேஷன் வெற்றிகரமாக முடிந்திருக்கும். டிஸ்சார்ஜ் அன்று டியூட்டி டாக்டர் கையெழுத்துப் போடுவார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அதுவே உண்மையாகவும் இருந்துவிடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஃபைலைத் தனபால் சாரிடம் கொண்டுபோனேன்.

"லிஸ்ட்ல என்ன இருக்குது?" என்றார்.

"அப்பென்டிசெக்டமிங்க சார்."

"சம்மரில?"

"அதேதானுங்க."

"ரெண்டும் ஒத்துப்போச்சில்ல? அப்பறம் என்ன? மூடு."

"நோட்ஸ்ல எடுக்கலீன்னு இருக்குதுங்க சார்."

"கோகிலா, சனிக்கெழம இன்ஸ்பெக்‌ஷன வெச்சுக்கிட்டு நீ எனக்கு வைத்தியம் சொல்லித் தராத. நோட்ஸ எவன் படிக்கப் போறான்?"

"நான் படிச்சுட்டனுங்களே" என்றேன்.

அவர் அடுத்த கட்டை அவிழ்த்தார்.

ஃபைலின் முதல் தாளில் தொழில் என்ற இடத்தில் 'ரிக் டிரில்லர்' என்று இருந்தது. போர்வெல் போடும் வண்டியோடு வெளியூர் போகிறவர். வார்டுக்குப் போய் சரஸ்வதி சிஸ்டரிடம் கேட்டேன்.

"அந்த ஆளா? வெள்ளிக்கெழம வண்டி கெளம்புதுன்னு நச்சரிச்சு நச்சரிச்சுல்ல டிஸ்சார்ஜ் வாங்கிட்டுப் போனாரு. மத்தியப் பிரதேசமாம். வர ஆறு மாசம் ஆகுமாம்."

எங்கள் பக்கத்தில் போர்வெல் ரிக் வண்டியோடு போகிறவர்களை உங்களுக்குத் தெரியும். மொழி தெரியாத ஊரில் மாதக்கணக்கில் கிடப்பார்கள். அங்கே வயிற்று வலி வந்தால் அவர்களுக்காகப் பேசுவது கையில் இருக்கும் இங்கிலீஷ் பேப்பர் ஒன்றுதான். அங்கிருக்கும் டாக்டர் அதைப் படிப்பார். குடல்வால் எடுத்தாயிற்று என்று இருக்கும். அப்படியென்றால் வலிக்குக் காரணம் வேறு ஏதோ என்று அவர் வேறு இடத்தில் தேடுவார். அவர் தேடி முடிப்பதற்குள் உள்ளே வெடித்துவிடும்.

சர்ஜன் அறையில்

எங்கள் பிரிவிலிருந்து ஒரு ஃபைல் வெளியே போனால் நடமாட்ட ரெஜிஸ்டரில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை காலை மறுபடி கேட்டேன். தனபால் சார் போட மாட்டேன் என்றார். நானே என் பெயரை எழுதி, நேரத்தைப் போட்டு, சூப்பர்வைசர் கையெழுத்து என்ற கட்டத்தில் 'மறுத்தார்' என்று எழுதிவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு வார்த்தைதான் பிறகு பெரிய பிரச்சினை ஆனது.

சர்ஜனின் ஓ.பி. அறையில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் உள்ளே நுழைந்தேன்.

"யாரும்மா நீ?"

"மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் கோகிலாங்க சார்."

"என்ன, ஃபைலக் காணமா?"

"ஃபைல் இருக்குதுங்க சார். குடல்வாலத்தான் காணம்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். சர்ஜன் சிரிக்கவில்லை. சம்மரியைப் பார்த்தார்.

"இது டைப்பிங் மிஸ்டேக். டியூட்டி டாக்டர்கிட்டக் குடு."

"டைப்பிங் மிஸ்டேக்னா எழுத்து மாறியிருக்கோணுமுங்க. இங்க ஆபரேஷனே மாறியிருக்குது."

"நீ என்ன படிச்சிருக்க?"

"உங்க கையெழுத்தப் படிச்சிருக்கனுங்க சார்" என்று நோட்ஸ் தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன்.

இப்போது நினைத்தால் அவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.  

அவர் தன் எழுத்தையே படித்தார். பிறகு சம்மரியை. பிறகு மறுபடி நோட்ஸை. "நான் அவங்கிட்ட ஆறு வாரம் கழிச்சு வரச் சொன்னனே" என்றார், மெதுவாக.

"சொல்லியிருப்பீங்க சார். அவங்க சொன்னத மறந்துருவாங்க, பேப்பரத்தான் பத்திரமா வெச்சுக்குவாங்க. பேப்பர்ல 'தேவைப்பட்டால் வரவும்'னு இருக்குது. நாளைக்குக் காத்தால ரிக்கு கெளம்புதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நர்ஸைப் பார்த்து, "அந்த பேஷன்டுக்குப் போன் போடுங்க. இன்னிக்குச் சாயங்காலமே வரச் சொல்லுங்க. நான் பாக்கோணும்னு சொல்லுங்க" என்றார்.

ஃபைலில் திருத்தும்போது அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. தவறான வரியின் மேல் ஒரே ஒரு கோடு. பழையது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி, நேரம். சர்ஜன் அதை எல்லாம் நான் சொல்லாமலே சரியாகச் செய்தார். செய்துவிட்டு, "போதுமா?" என்றார். "நேரம் மட்டும் விட்டுப்போச்சுங்க சார்" என்றேன். போட்டார்.

லேமினேஷன்

சாயங்காலம் செல்வராசு மனைவி பூங்கொடியோடு வந்தார். சம்மரியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பையிலிருந்து எடுத்தார். பளபளவென்று லேமினேஷன் போட்டிருந்தது.

"ரிக்குல சேறு தெறிக்குமுங்க. அதான் ஆஸ்பத்திரிய உட்டுப் போன கையோட போட்டுட்டனுங்க" என்றார். "வண்டி பேப்பரோட கேபின்லயே வெச்சுக்கலாம் பாருங்க."

ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எங்கள் பக்கத்தில் எதைப் பத்திரப்படுத்த நினைத்தாலும் லேமினேஷன்தான். தண்ணீர் படாது, கிழியாது, ஒரு எழுத்தும் அழியாது. அந்தப் பொய்யும் அப்படியே இருந்தது, கிழிக்க முடியாமல்.

சர்ஜன் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். செல்வராசு கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "எடுத்தாச்சுன்னு எழுதிக் குடுத்தது நீங்க. இப்ப எடுக்கலைங்கறதும் நீங்க. நான் எதைங்க நம்பறது?" என்றார்.

 பூங்கொடியும் கேட்டார்: "அப்ப எதுக்குங்க வயித்தத் தொறந்தீங்க?"

"சீழ் இருந்துச்சும்மா. அத எடுத்தோம். அன்னிக்குக் குடல்வால இழுத்திருந்தா குடலே கிழிஞ்சிருக்கும். எடுக்காம வெளிய வந்தது சரி. எழுதுனதுதான் தப்பு. தப்பு எங்க மேலதான்."

இதை அவர் சொன்னார். அதற்காக இன்றுவரை எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. சொல்லாமல் போயிருக்கலாம். டைப்பிஸ்ட் மேல் போட்டிருக்கலாம்.

செல்வராசு அப்போதும் இறங்கி வரவில்லை. "வண்டி கெளம்பற நேரத்துல நான் வல்லீன்னா வேற டிரில்லரப் போட்டுருவாங்க. அப்பறம் எடம் இருக்காதுங்க."

"எடம் இருந்து நீ இல்லீன்னா?" என்றார் பூங்கொடி.

செல்வராசு போனை எடுத்து, நாளைக்கு வரவில்லை என்று ரிக் வண்டிக்காரரிடம் சொன்னார். 

புதிய சம்மரி வந்ததும் பழையதைத் திருப்பி வாங்கினேன். அவர் கிழித்துத் தரப் பார்த்தார், வரவில்லை. நான் கத்தரிக்கோலை எடுத்து எக்டமி என்ற வார்த்தைக்கு நடுவில் வெட்டினேன். இரண்டு துண்டையும் ஃபைலுக்குள் போட்டேன். ஃபைலிலிருந்து எதையும் தூக்கி எறியக் கூடாது.

"அம்மிணி, இதையும் லேமினேஷன் போட்டுக்கட்டுமாங்க?" என்று புதியதைக் காட்டிக் கேட்டார்.

"இப்ப வேண்டாமுங்கண்ணா. ஆறு வாரத்துல இன்னொண்ணு வரும். அதுக்குப் போடுங்க."

வெள்ளிக்கிழமை காலை ரிக் வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு அவரில்லாமல் கிளம்பிப் போனது. ஏழாவது வாரம் அவர் திரும்பி வந்தார். குடல்வாலை எடுத்தார்கள். லேபிலிருந்து பயாப்சி ரிப்போர்ட் வந்தபோது அதை நானே ஓட்டை போட்டுக் கோத்தேன். இந்த முறை எக்டமி என்றால் எக்டமி.

மெமோ

நல்லது செய்தால் தட்டிக்கொடுப்பார்கள் என்று நினைத்து இந்த வேலைக்கு வராதீர்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் முதலில் புரட்டியது நடமாட்ட ரெஜிஸ்டரை. அதில் அவர்கள் கண்ணில் பட்டது 'மறுத்தார்.' திங்கட்கிழமை எனக்கு மெமோ. அனுமதியில்லாமல் ஃபைலை எடுத்துச் சென்றதற்கும், மேலதிகாரியைத் தாண்டி டாக்டரைப் பார்த்ததற்கும் விளக்கம் தர வேண்டும்.

தனபால் சார் என் மேஜைக்கு வந்து நின்றார். "மன்னிக்கவும்னு ஒரு வார்த்த போடு. முடிச்சுக்கலாம்."

"எதுக்குங்க சார்?"

"எனக்காகப் போடேன், அந்த 'மறுத்தார்' எம்மேலயும் வருது. ரிட்டயர்டு ஆக இன்னும் நாலு வருசம் இருக்குது."

"உங்களுக்காக வேற என்ன வேணும்னாலும் செய்யறனுங்க சார். அந்த வார்த்தைய மட்டும் கேக்காதீங்க."

இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினேன். அனுமதி இல்லாமல் எடுத்தது உண்மை, விதியை மீறினேன், அதே நிலைமை வந்தால் மறுபடி மீறுவேன். அதோடு ஒரு கோரிக்கை: ஆபரேஷன் நோட்ஸ் கைக்கு வராமல் சம்மரி அடிக்கக் கூடாது. கோரிக்கைக்குப் பதில் வரவில்லை. விளக்கத்துக்கு வந்தது. என்னைக் கீழ்த்தளத்தில் பழைய ரெக்கார்ட் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. தூசி. வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டார்: "ஏஞ்சாமி, உன்ன அங்க எதுக்குப் போட்டாங்க?"

"படிச்சதுக்கும்மா" என்றேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ. "அங்கயும் பேப்பர்தான இருக்குது? படி" என்றார்.

படித்தேன். தண்டனை என்று அனுப்பிய இடத்தில் அத்தனை வருஷத்து சர்ஜரி ஃபைல்களும் இருந்தன. அன்றாட வேலை முடிந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்தேன். எக்டமி என்று இருந்து பயாப்சி ரிப்போர்ட் இல்லாதவற்றைத் தனியாக வைத்தேன். பதினொன்று சேர்ந்தன. லேப் ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டபோது எட்டில் ஸ்பெசிமன் லேபுக்குப் போயிருந்தது, ரிப்போர்ட் தொலைந்திருந்தது, அவ்வளவுதான். மூன்றில் லிஸ்ட் ஒன்று சொன்னது, நோட்ஸ் வேறு சொன்னது. சர்ஜன்களும் ஒருவர் இல்லை, இரண்டு பேர். இது ஒருவருடைய தவறு இல்லை. எங்கள் வழக்கத்தின் தவறு. அந்த மூன்று பேரும் எங்கோ, தங்கள் உடம்பைப் பற்றித் தவறான ஒரு பேப்பரைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். லிஸ்ட் என்பது காலையில் செய்ய நினைத்தது. நோட்ஸ் என்பது செய்தது. இரண்டும் ஒத்துப்போகும் என்று நம்புவதற்கு உங்களுக்குச் சம்பளம் இல்லை. ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்குத்தான். யாராவது படிக்காதே என்று சொன்னால், அங்கே படிக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

நேற்று அந்த மூன்று ஃபைல்களின் விவரத்தையும், அந்த மூன்று பேரையும் உடனே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பதையும், நோட்ஸ் இல்லாமல் சம்மரி கூடாது என்ற பழைய கோரிக்கையையும் எழுதி, மெடிக்கல் சூப்பிரண்டென்டிடம் நேரில் கொடுத்தேன். வழியில் தனபால் சார் பார்த்தார். "மறுபடியுமா?" என்றார். "ஆமாங்க சார்" என்றேன். ஒதுங்கி வழி விட்டார்.

பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகல் என் பையில் இருக்கிறது. லேமினேஷன் போடவில்லை. அதில் அவர்கள் பதில் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.